பெரட்டுக் களத்துக் கணக்கு

கொள்ளைநோய் ஒன்று நாட்டினுள் புகுமாயின் அதன் பின்னாலேயே ஓர் எண்ணும் புகுந்துவிடுகின்றது. நோயுற்ற ஒருவர் சராசரியாக எத்தனை பேருக்கு அந்நோயைக் கொடுக்கிறார் என்று கூறும் எண் அது. ஒன்றுக்கு மேற்பட்டால் நோய் பெருகும். ஒன்றுக்குக் கீழ்ப்பட்டால் தேயும். சின்னமுத்து நோய்க்கு அதனை 12 முதல் 18 வரை என்பர். 2020 இல் வந்த கொவிட் நோய்க்குத் தொடக்கத்தில் 2 அல்லது 3 என்றார்கள். அவ்வாண்டில் தேநீர்க் கடைகளிலும் இவ்வெண் பேசப்பட்டது. அது எதிலிருந்து எடுக்கப்படுகின்றது என்று கேட்டவர் சிலரே. மடுல்சீமை மலையில் இருந்துகொண்டு அதனைக் கேட்பது வீண் அன்று என்பது என் துணிபு.

நோயின் வேகத்தை நேரே அளக்கும் கருவி கிடையாது. நோயாளர் தொகை இரட்டிப்பாக எத்தனை நாள் செல்கின்றது என்பது ஒன்று. ஒருவர் நோய்ப்பட்ட நாளுக்கும், அவரிடமிருந்து தொற்றியவர் நோய்ப்படும் நாளுக்கும் உள்ள இடைவெளி மற்றொன்று. இவ்விரண்டையும் கொண்டே வேகம் மதிப்பிடப்படுகின்றது. தொடக்கக் காலக் கொவிட்டுக்கு அவ்விடைவெளி ஏறத்தாழ 5 நாள். தொகையும் 5 நாளில் இரட்டித்தால் ஒருவர் இருவருக்குக் கொடுக்கிறார் என்று கொள்ளலாம்; 30 நாளில் ஒருவர் 64 ஆவார். இது ஐந்தாம் வகுப்புக் கணக்கு. இடர்ப்பாடு பெருக்கலில் இல்லை. தலைகளை எண்ணுவதில் இருக்கின்றது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. நோயுற்ற ஐவரில் ஒருவரே கணக்கில் வந்தாலும் வேகம் பிழைபடுவதில்லை. ஏட்டில் 10, 20, 40 என்றிருப்பது உண்மையில் 50, 100, 200 ஆகும்; இரட்டிப்பு அதேதான். குறைவாக எண்ணுவது கேடன்று. இன்று ஐவரில் ஒருவரையும் நாளை இருவரில் ஒருவரையும் எண்ணுவதே கேடு. குறை மாறாதிருக்கும் வரையில் வேகக் கணக்கு நிற்கும். குறை மாறிய அன்றே சரியும்.

எங்கள் தோட்டங்களில் மாறிக்கொண்டேயிருப்பது அந்தக் குறைதான். பசறையிலிருந்து மலையேறிப் பரிசோதனைக் குழு ஒன்று ஒருநாள் வந்து போனால், அதற்கு முன்னர் ஏட்டில் வெறுமை, அன்று ஒரு குவியல், பின்னர் மீண்டும் வெறுமை. தலைநகரில் இருந்து அவ்வேட்டைப் பார்ப்பவர் காட்டுத்தீ என்று அஞ்சுவார். பின்பு அணைந்தது என்று மகிழ்வார். இரண்டும் நோயின் கதையல்ல. குழு ஏறி இறங்கிய கதை.

இதனினும் வலியது பேர். ஒருநாள் உழைப்பைத் தோட்டத்தில் ‘பேர்’ என்பார்கள். செக்ரோலில் பேர் விழாத நாளுக்குக் கூலி இல்லை. கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி தனக்குக் காய்ச்சல் என்று வாய்திறந்தால், அவள் வீடு மட்டுமன்றி அந்த லயமே அடைபட்டு எல்லோருக்கும் பேர் போகும் என்றால் அவள் என்ன செய்வாள்? கொத்தமல்லித் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கூடையை எடுப்பாள். ஏட்டில் நோய் இறங்கும், லயத்தில் ஏறும்.

கணக்கு வரலாற்றிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கின்றது. 1905 டிசெம்பர் முதல் 1906 யூலை வரை பம்பாயில் கொள்ளைநோயால் மாண்டோரின் வாரத் தொகையைக் கொண்டு, கெர்மாக், மெக்கெண்ட்ரிக் என்னும் இருவர் 1927 இல் ஒரு சூத்திரம் வெளியிட்டனர். மெக்கெண்ட்ரிக் இந்திய மருத்துவச் சேவையில் இருந்தவர். கெர்மாக்கோ 1924 இல் ஆய்வுகூட விபத்தொன்றில் இரு கண்களையும் இழந்தவர். இன்றைய பரவல் கணிதம் பெரும்பாலும் அவர்கள் போட்ட அடித்தளத்திலேயே நிற்கின்றது. பம்பாயின் ஏற்றமும் இறக்கமும் அச்சூத்திரத்தின் வளைகோட்டில் அழகாகப் பொருந்தின. ஆனால் அச்சூத்திரம் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்க்குரியது. பம்பாய்க் கொள்ளைநோயோ எலியும் தெள்ளும் கொண்டுவந்தது. வளைகோடு பொருந்திற்று என்பதனால் காரணம் விளங்கிற்று என்று ஆகாது. அவர்கள் நோயாளரை விட்டு மரணங்களை எண்ணியதை மட்டும் நான் மெச்சுவேன். காய்ச்சலை ஒளிக்கலாம், சவத்தை ஒளிப்பது கடினம்.

சராசரி என்பதும் எங்களுக்குப் பொருந்தாத சட்டை. 10 அடிக்கு 12 அடி என்ற பழைய லயக் காம்பராவில் ஆறு பேர் படுத்தால் ஒருவருடைய நோய் அறுவருடையது. அடுத்த லயத்துக்குப் போக அதற்குச் சில நாள் செல்லும். அடுத்த மலைக்குப் போக ஒரு பஸ் வேண்டும், அல்லது ஒரு திருவிழா. 2020 நவம்பரில் தீபாவளியையொட்டி மேல் மாகாணத்தை விட்டு வெளியேறத் தடை விதித்தமைக்குக் காரணம் இதுவே. கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலைசெய்யும் பிள்ளைகள் ஊர் திரும்பும் காலமல்லவா? வீட்டுக்குள் ஐந்து, லயத்துக்கு லயம் அரை, பஸ் வந்த நாளில் பத்து என்று நடக்கும் நோய்க்கு ‘இரண்டு’ என்று ஒரே பெயர் சூட்டுவதால் யாருக்கு என்ன பயன்?

நான் வேண்டுவது புதிய கருவி அல்ல. ஒவ்வொரு நாட்காலையும் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணப்படுகின்றது. பள்ளியில் நாங்கள் வரவுப் பதிவேட்டில் கோடிடுகின்றோம். வராதோர் எல்லோரும் நோயாளர் அல்லர். மழை உண்டு, கலியாணம் உண்டு, சம்பளத்துக்கு மறுநாள் உண்டு. ஆயினும் அவை ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே அளவில் வருபவை. சென்ற ஆண்டுகளின் அதே வாரத்தோடு ஒப்பிட்டால் மிகை புலப்படும். மேலே சொன்ன மாறாத குறை இங்கேதான் கிடைக்கின்றது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டதால் எங்கள் பதிவேடு குருடாயிற்று. ஊரடங்கிலும் தோட்டவேலை நடந்ததால் பெரட்டு குருடாகவில்லை. லயத்தில் வாழ்வோரில் ஒரு பகுதியினரே இன்று செக்ரோலில் இருக்கிறார்கள் என்ற மறுப்பு நியாயமானது. அதற்காகவே இரு ஏடுகளையும் சேர்த்துப் படிக்கவேண்டும் என்கின்றேன்.

ஆனால் படிப்பவர் யார்? தோட்டத்துரை படித்தால், வராதவர்மேல் நடவடிக்கை என்ற அச்சத்தில் மறுவாரம் இருமிக்கொண்டே எல்லோரும் வந்து நிற்பார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கையில் அது போகவேண்டும். ஆளின் பெயர் போகவேண்டியதில்லை, தொகை போதும். காய்ச்சலுக்கு நின்ற நாளுக்கும், அடைக்கப்பட்ட நாளுக்கும் பேர் விழவேண்டும். இதனைச் சொன்னால் ‘அரைப் பேர் போடலாமே’ என்று இரக்கத்தோடு கேட்பவர்கள் இருக்கிறார்கள். அரைப் பேருக்கு எந்தப் பெண்ணும் தன் காய்ச்சலைச் சொல்லமாட்டாள்.