பந்திவஞ்சனை

பந்தியிலே வஞ்சனை ஆகாது என்பது நம் முன்னோர் கொள்கை. ஆதலால், ஒரு நகரின் உணவுச்சாலைகளில் எத்தனை வகை உணவு உண்டு என எண்ணுவதோடு, எவரெவர் அங்கே அமரலாம் என்றும் வினவுதல் வேண்டும்.

ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள அற்லாண்டா மாநகரிலே, பியூபர்ட் நெடுஞ்சாலை வழியே செல்வோர் கொரிய, வியத்நாமிய, சீன, மெக்சிக்கோ உணவுச்சாலைகளை அடுத்தடுத்துக் காண்பர். நண்பகலில் அரிசி நூடில்ஸ் இட்ட சூப்பும், இரவில் இறைச்சி பொதிந்த சோள ரொட்டியும் அங்கே உண்ணலாம்.

இவ்வளம் எளிதில் வந்ததன்று. 1960 ஒக்டோபரில், இதே நகரின் ரிச்ஸ் என்னும் பெருங்கடையிலே கறுப்பின மாணவர் சென்று உணவு கேட்டனர். அக்கடையிற் பொருள் வாங்க அவர்களுக்குத் தடையில்லை. வெள்ளையரோடு அமர்ந்துண்ணவே தடை. மாணவரோடு மாட்டின் லூதர் கிங்கும் கைதானார்.

1947 இல் பாஸ்கல் சகோதரர் தொடங்கிய, கோழிப் பொரியலுக்குப் பெயர்பெற்ற உணவுச்சாலை, போராட்டத் தலைவர்கள் கூடி ஆலோசிக்கும் இடமாயிற்று. 1964 இல் நிறைவேறிய குடியியல் உரிமைச் சட்டம் உணவுச்சாலைகளில் நிறவேற்றுமையைத் தடைசெய்தது. 1965 இல் குடிவரவுச் சட்டமும் திருத்தப்படவே, ஆசிய நாட்டவர் தத்தம் சமையலோடு பெருமளவில் வந்து குடியேறலாயினர்.

மாணவ மணிகளே, உணவுக்குச் சுவை தருவது சமையற்காரரின் கைத்திறன். அதனை யாவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணச் செய்தது, உணவு கேட்டுச் சிறை சென்ற மாணவரின் துணிவு.