விசுவாசம் பத்தலைன்னு சொல்லாதீங்க!

கஷ்டத்தில் இருக்கிற பெண்ணைப் பார்க்கப் போகும் கிறிஸ்தவ சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். தயவுசெய்து அவளிடம், "உனக்கு விசுவாசம் பத்தலை, இன்னும் ஊக்கமா ஜெபம் பண்ணு" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். ஏற்கெனவே சுமக்க முடியாமல் சுமக்கிறவள் தலையில் இன்னொரு கல்லைத் தூக்கி வைக்கிற பேச்சு அது.

என் மாமியார் பக்கவாதம் வந்து மூன்று வருஷம் படுக்கையில் இருந்தார்கள். படுக்கைப் புண் வராமலிருக்க ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கணும். துணி மாற்றணும். விடிந்தால் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பணும். ராத்திரி முழங்கால் போட்டு ஜெபிக்க ஆரம்பித்தால், 'ஆண்டவரே' என்பதற்குள் தலை கட்டிலில் சாய்ந்துவிடும். பார்க்க வந்த பலரும் காபி குடித்துவிட்டு, புத்தி சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் சபையில் ஒரு அக்கா மட்டும் வியாழக்கிழமைதோறும் மத்தியானம் வந்து, "நீ போய் ரெண்டு மணி நேரம் தூங்கு, அம்மாவை நான் பாத்துக்கிடுதேன்" என்பார்கள். நான் எழுந்து வரும்போது அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். அன்றைக்கு ராத்திரி எனக்கு நல்லா ஜெபம் வரும்.

வேதத்தில் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். முந்தின அதிகாரத்தில் கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கும்படி ஜெபித்தவர் எலியா தீர்க்கதரிசி. அவரே, யேசபேல் ராணியின் மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, 'செத்தால் போதும்' என்கிறார். அவருக்கா விசுவாசம் இல்லை? கர்த்தர் அவரைக் கோபிக்கவில்லை. தூங்க விட்டார். தூதனை அனுப்பித் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார். எலியா மறுபடியும் படுத்தார், மறுபடியும் சாப்பாடு வந்தது. அதற்குப் பிறகுதான் ஓரேப் மலைக்கு 40 நாள் நடை. அங்கே போன பிறகுதான் மற்ற பேச்செல்லாம்.

யோபுவின் சிநேகிதர்களும் முதல் 7 நாள் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் நல்ல சிநேகிதர்கள்தான். வாயைத் திறந்த பிறகுதான் வினை வந்தது!

சில பெண்கள், "கஷ்டத்தை வெளியில சொன்னா சாட்சி கெட்டுப் போகும்" என்று வாயை மூடிக்கொண்டு இருக்கிறார்கள். கெத்செமனேயில் இயேசுவே மூன்று சீஷர்களைக் கூட அழைத்துப் போய், தன்னோடு முழித்திருக்கச் சொன்னார். ஆண்டவரே துணை கேட்டிருக்கும்போது நமக்கு என்ன வெட்கம்?

ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. அந்த மூன்று வருஷத்தை ஜெபம் இல்லாமல் என்னால் தாண்டியிருக்க முடியாது. ஆனால் ஜெபத்துக்குப் பதில் வானத்திலிருந்து மட்டும் வரும் என்று எதிர்பார்த்தால் எப்படி? எனக்கு அது தெருக்கோடியிலிருந்து ஒரு அக்கா ரூபத்தில் வந்தது.

மனசு ரொம்ப ஒடிந்து, உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் உடனே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். டாக்டரிடம் போவது அவிசுவாசம் ஆகாது. சுவிசேஷம் எழுதிய லூக்காவே வைத்தியர்தானே! 2022 முதல் அரசாங்கத்தின் 'டெலி மானஸ்' என்ற சேவையும் இருக்கிறது. 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

ஆகவே சகோதரிகளே, அடுத்த தடவை ஒரு வீட்டுக்கு ஜெபிக்கப் போகும்போது, வேதப்புத்தகத்தோடு ஒரு தூக்குச்சட்டியில் கொஞ்சம் குழம்பும் எடுத்துப் போங்களேன்.

— ஒரு இல்லத்தரசி, நாசரேத்.