கோழிக்கு ஒரு சென்ட்

விலங்கை மயக்கமூட்டாமல் அறுக்கக் கூடாது என்று பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ், வலோனியா மாநிலங்கள் 2019-இல் நடைமுறைப்படுத்திய சட்டங்கள் செல்லும் என்று, 2024 பிப்ரவரி 13-இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பைவிட எரிச்சலூட்டுவது அதை ஆதரிப்பவர்களின் வாதம். எந்த இறைச்சி 'கோஷர்' (யூத மத விதிப்படி உண்ணத்தக்கது) என்பதில் யூத ரபிகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. அவர்களுக்கே தெளிவில்லாத சடங்குக்கு அரசு ஏன் வளைந்துகொடுக்க வேண்டும் என்கிறார்கள்.

ரபிகள் சண்டையிட்டது உண்மைதான். எதற்காகச் சண்டையிட்டார்கள்?

நியூயார்க்கில் குடியேறிய கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் சபைகள் சில ஒன்றுசேர்ந்து, 1888-இல் வில்னாவிலிருந்து ஜேக்கப் ஜோசப்பைத் தலைமை ரபியாக வரவழைத்தன. பெரிய அறிஞர், பேர்பெற்ற பிரசங்கி. அவருடைய அலுவலகச் செலவுக்கு வழி? முறைப்படி அறுத்த கோழியின் காலில் ஓர் ஈய முத்திரை; அதற்கு ஒரு சென்ட். தொகை அற்பம்தான். ஆனால், கோஷர் இறைச்சிக்கு வரி விதித்த ஜார் ஆட்சியிலிருந்து தப்பிவந்தவர்களுக்கு அந்த ஒரு சென்ட் பழைய 'கொரோப்கா' வரியாகவே தெரிந்தது. இல்லத்தரசிகள் கொதித்தார்கள். கடைக்காரர்கள் முறுக்கிக்கொண்டார்கள். முத்திரை வருமானத்தில் பங்கில்லாத ரபிகள் தனிக்கடை போட்டார்கள். மாஸ்கோவிலிருந்து வந்த விட்ரோவிட்ஸ் என்ற ரபி 'அமெரிக்காவின் தலைமை ரபி' என்று பலகை மாட்டினாராம். உங்களை நியமித்தது யார் என்று கேட்டதற்கு, பலகை எழுதியவர் என்றாராம். (நம் ஊர்க் கட்சிப் பிளவுகளைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது.) ஜேக்கப் ஜோசப் நோயிலும் வறுமையிலும் 1902-இல் இறந்தார். உயிரோடிருந்தபோது அவருக்கு ஒரு சென்ட் தர மறுத்த ஊர், இறுதி ஊர்வலத்துக்குப் பல்லாயிரக்கணக்கில் திரண்டது.

அந்த ஒரு சென்ட்டைப் பிடித்துக்கொண்டு போனால் மற்ற ஊர்களின் கதையும் விளங்கும். லண்டனில் தலைமை ரபி ஹெர்மன் அட்லரின் மேற்பார்வை போதாது என்று 1891-இல் பிரிந்த 'மக்ஸிகே ஹதாத்' குழுவினர், தனியாக அறுக்கத் தொடங்கினார்கள். அது கோஷரே அல்ல என்றது அட்லர் தரப்பு. 1905-இல் சமரசம். சிகாகோவில் ஏற்பட்ட மேற்பார்வைத் தகராறில், ரித்பாஸ் என்று அறியப்பட்ட ரபி வில்லோவ்ஸ்கி வெறுத்துப்போய் சஃபேது நகருக்குக் கிளம்பிவிட்டார். 1920-களில் மான்ட்ரியலிலும் இதே கூத்து. எங்கேயும் கேள்வி, யார் கண்காணிப்பது, யார் வசூலிப்பது என்பதுதான். கத்தியில் பல் விழுந்திருக்கக் கூடாது, விலங்கு மயங்காமலும் காயமில்லாமலும் இருக்க வேண்டும் என்பதில் எந்தத் தரப்புக்கும் மாற்றுக்கருத்து இருந்ததில்லை. இந்தச் சண்டைகளைக் காட்டிச் சடங்கையே தெளிவற்றது என்பவர்கள், ஒன்று படிக்காதவர்கள் அல்லது படித்தும் மறைப்பவர்கள்.

இனி நீதிமன்றத்துக்கு வருவோம். பிரான்ஸில் யூத மத முறையில் அறுப்பவர்களை அங்கீகரிக்கும் உரிமையை, 1982-இல் ஒரே ஓர் அமைப்பிடம் அரசு ஒப்படைத்தது. நுரையீரலில் ஒட்டுத்தசையே இல்லாத 'கிளாட்' இறைச்சிதான் வேண்டும் என்ற ஒரு சிறுபான்மைச் சங்கம், அனுமதி மறுக்கப்பட்டு, ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள இதே ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்துக்குப் போனது. 2000 ஜூன் 27-இல் அதற்குக் கிடைத்த பதில்: உங்கள் மத உரிமையில் யாரும் தலையிடவில்லை, கிளாட் இறைச்சி பெல்ஜியத்தில் எளிதாகக் கிடைக்குமே.

பெல்ஜியத்தில்! அந்த நாட்டின் பெரும்பகுதியில் இன்று அப்படி அறுக்கவே முடியாது. பிரஸ்ஸல்ஸ் மாநிலம் மட்டும் மறுத்து நிற்கிறது. அதே நீதிமன்றம்தான் அந்தத் தடையையும் ஆசீர்வதித்திருக்கிறது. பக்கத்து நாட்டில் வாங்கிக்கொள் என்று ஒரு சங்கத்திடம் சொல்ல முடிந்தால், ஆன்ட்வெர்ப்பின் யூதர்கள் அனைவரிடமும், அவர்களோடு முஸ்லிம்களிடமும் சொல்ல முடியும். 2024 தீர்ப்பு விலங்கு நலனில் பிறந்தது என்பதை நான் நம்பவில்லை. அது 2000-இலேயே, பாரிஸ் ரபிகளின் உள்சண்டையில் ஒரு தரப்பின் கையில் முத்திரையைக் கொடுத்தபோதே எழுதப்பட்டுவிட்டது.

அறுப்புக்கூடத்தின் சுத்தத்தையும் கத்தியின் கூர்மையையும் அதிகாரிகள் சோதிக்கட்டும். முத்திரை யாருடையது என்பதை, 1888-இல் போலவே, கோழி வாங்குபவர்கள் தீர்மானித்துக்கொள்வார்கள்.