பெண்டிர் உடல்நலமும் கூட்டுறவாளர் கடமையும்

வயலில் நாற்று நடும் பெண், இடுப்பு நோகின்றது என்று வாய்விட்டுச் சொல்வாள். மாதவிலக்கு மூன்று மாதமாக வரவில்லை என்றோ, வந்தால் பத்து நாளாயினும் நிற்பதில்லை என்றோ சொல்லமாட்டாள். தறிக்குத் தார் சுற்றும் பெண்ணின் நிலையும் இதுவே. சொல்லக் கூசி, எவருக்கும் தெரியாமல் ஏதோ ஒரு சூரணத்தையோ லேகியத்தையோ வாங்கி உண்கின்றாள். இல்லத்துக்குள் நடக்கும் இச்செய்தி சங்கப் பத்திரிகைக்கு எதற்கு என்று அங்கத்தினர் சிலர் கருதலாம். நெல்லும் நெசவும் பெண்ணின் உழைப்பின்றி நடவா. ஆதலின் இது சங்கத்தின் காரியமே என்பது நம் கருத்து.

'ஹார்மோன்' என்னும் சொல், 1905-ல் லண்டனில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்பார் தம் சொற்பொழிவில் வழங்கியது. பழைய ஆயுர்வேத நூல்களில் அச்சொல் இல்லை. அவை ஆர்த்தவம் என்றும், அபான வாயு என்றும், வாத பித்த கபங்களின் சமநிலை என்றும் பேசுகின்றன. இரண்டும் ஒன்றே என்று சாதிப்பது முறையன்று. ஆயினும் ஓரிடத்தில் இரு வழிகளும் சந்திக்கின்றன. உணவு, உறக்கம், உழைப்பு ஆகியவற்றை ஒழுங்கு செய்யாமல் மருந்தை மட்டும் நம்பலாகாது என்பது ஆயுர்வேதத்தின் அடிப்படை. சிகாகோ மருத்துவர்களான ஸ்டீன், லெவென்தால் இருவரும் 1935-ல் விவரித்த சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறுக்கு இன்றைய மருத்துவரும் உணவுக் கட்டுப்பாட்டையும் உடற்பயிற்சியையுமே முதலில் வற்புறுத்துகின்றனர்.

நம் டெல்டாவில் பெண் பருவமெய்திய நாளில் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கருப்பட்டியும் கொடுப்பது வழக்கம். தை மாதத்தில் சம்பா அறுவடைக்கு முன்பே ஈரவயலில் தெளிக்கும் உளுந்துதான் அக்களியாகின்றது. அது நல்ல போஷாக்கு என்பதில் ஐயமில்லை. ஆனால் போஷாக்கு வேறு, சிகிச்சை வேறு.

நிற்க. மருந்துகளுக்கு வருவோம். பெரும்பாட்டுக்கு அசோகப்பட்டையும், தாய்ப்பால் பெருகத் தண்ணீர்விட்டான் கிழங்கும் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. அசோகாரிஷ்டம் பைஷஜ்ய ரத்னாவளியில் கூறப்பட்டுள்ளது. இவற்றைப் பற்றிப் பெரிய அளவில் நடந்த சோதனைகள் குறைவு. அனுபவம் உண்டு, அதை மதிக்கின்றோம். அனுபவத்தையே நிரூபணம் என்று கொள்ளமாட்டோம்.

இதில் விவசாயிகள் கருதவேண்டியது ஒன்று உண்டு. பள்ளிக்கூட வாயில்களில் ஓங்கி நிற்கும் மரத்தை நாம் அசோகமரம் என்கின்றோம். அது நெட்டிலிங்கம். உண்மையான அசோகம் செந்நிறப் பூங்கொத்துகளுடன், நீரும் நிழலும் விரும்பி வளர்வது. பட்டைக்காக வெட்டப்பட்டு அது அருகிவிட்டமையால், நெட்டிலிங்கப் பட்டையே பல இடங்களில் அசோகப்பட்டையாக விற்கப்படுகின்றது. வாங்கும் பெண்ணுக்குப் பணமும் போயிற்று, நோயும் நின்றது. கலப்படத்தினும் கொடியது நஞ்சு. 2004-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேத மருந்துகளில் 14-ல் ஈயமோ, பாதரசமோ, ஆர்சனிக்கோ இருந்தது.

சட்டம் உறங்கவில்லை. மாதவிலக்குக் கோளாற்றைத் தீர்ப்பதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மந்திர நிவாரணங்கள் சட்டம் தடுக்கின்றது. ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளின் உற்பத்தி 1964-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மருந்துச் சட்டத்துக்குள் வந்தது. எனவே உரிம எண்ணும் சேர்மானமும் அச்சிடப்படாத பொட்டலத்தை வீட்டுக்குள் அனுமதியாதீர். 'ஒரே மாதத்தில் சீராகும்' என்று கூவுவோரைக் கண்டால் விலகி நில்லுங்கள்.

மருந்துக்கு முன் நோயை அறிதல் வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதத்தினர் இரத்தசோகை உடையவர். உதிரப்போக்கு மிகுந்தவளுக்கு இது மேலும் முற்றும். தைராய்டுச் சுரப்பியின் குறையாலும் விலக்குத் தவறும். அதை ஓர் எளிய இரத்தப் பரிசோதனையே காட்டிவிடும். மாதவிலக்கு நின்று ஓராண்டு கடந்தபின் மீண்டும் உதிரம் கண்டால், புற்றுநோயோ என்று உடனே பார்த்தாக வேண்டும். அந்நிலையில் அரிஷ்டம் குடித்துக் காத்திருப்பது உயிரோடு விளையாடுவதாகும். கருவுற்றவர் வைத்தியரைக் கேளாமல் எம்மூலிகையும் உண்ணலாகாது. தைராய்டு மாத்திரை உண்பவர் அமுக்கிராச் சூரணத்தைத் தாமே சேர்த்துக்கொள்வதும் தவறு.

இவற்றில் கூட்டுறவுக்கு என்ன வேலை? வழி முன்பே காட்டப்பட்டுள்ளது. நாட்டு வைத்தியர்கள் ஒன்றுகூடி 1944-ல் சென்னையில் தொடங்கிய இம்ப்காப்ஸ் ஒரு கூட்டுறவு நிறுவனமே. மருந்தைத் தாமே செய்து தரத்தைத் தாமே காக்க வைத்தியர்களால் முடிந்தது. நம்மால் ஏன் முடியாது? தஞ்சையில் சரபோஜி மன்னர் தன்வந்திரி மகாலில் நாட்டு முறையையும் மேனாட்டு முறையையும் ஒருங்கே ஆராயச் செய்தார். அம்மண்ணில் வாழும் நாம் இரண்டில் ஒன்றைப் பகைக்கவேண்டியதில்லை.

ஆகவே திருக்காட்டுப்பள்ளி வட்டாரச் சங்கங்கள் மூன்று காரியங்களை மேற்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். ஆண்டுக்கொரு முறை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரையும், பதிவுபெற்ற ஆயுர்வேத அல்லது சித்த வைத்தியரையும் ஒரே நாளில் அழைத்துப் பெண் அங்கத்தினருக்குப் பரிசோதனை நடத்துக. சங்கப் பண்டகசாலையில் உரிமம் பெற்ற மருந்துகளை மட்டும் வைத்து, வைத்தியர் சீட்டின்மேல் வழங்குக. குடமுருட்டிப் படுகையில் நீர் தேங்காத மணற்பாங்கான நிலமுடையோர் தண்ணீர்விட்டானையும், வாய்க்கால் ஓர நிழலில் மெய்யான அசோகத்தையும் நட ஊக்குவிக்குக. அசோகத்தின் பயன் நம் பெண்மக்கள் காலத்திற்கே கிட்டும். தென்னை நட்ட பாட்டனார் இளநீர் குடிக்கவா நட்டார்?

இவை யாவற்றுக்கும் முன்னதாக ஒன்று. செலவில்லாதது, ஆனால் கடினமானது. வீட்டில் ஒரு பெண் உடம்பு சரியில்லை என்றால், என்ன என்று கேட்டு, அவள் சொல்லும்வரை பொறுத்திருங்கள். பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்திப் பிணைக்கின்றோம். நெய்பவளின் உடம்புக்கு அவ்வளவு கவனமேனும் வேண்டாவோ?