முதலில் மாப்பிள்ளைக்குச் சோதனை: நிக்காஹ்வுக்கு முந்தைய மரபணுப் பரிசோதனை பற்றி

2025 ஜனவரி முதல் ஐக்கிய அரபு அமீரகத்தில் திருமணம் செய்துகொள்ளும் அந்நாட்டுக் குடிமக்கள் அனைவருக்கும் மரபணுப் பரிசோதனை கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. 570 மரபணுக்களைப் பார்த்து, 840க்கும் மேற்பட்ட பரம்பரை நோய்கள் பிறக்கப்போகும் பிள்ளைக்கு வர வாய்ப்பு உண்டா என்று சொல்லும் சோதனை அது. அங்கே வேலை பார்க்கும் நம் பிள்ளைகளை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. ஆனாலும் செய்தி வந்ததிலிருந்து நம் குடும்பங்களில் இரண்டு விதமான பேச்சு கேட்கிறது. "அல்லாஹ்வின் நாட்டத்தில் மனிதன் கை வைக்கிறான்" என்பது ஒன்று. "இனிமேல் சொந்தத்தில் சம்பந்தமே வைக்கக் கூடாது" என்பது மற்றொன்று. இரண்டுமே சரியல்ல. ஏன் என்று புரிய, இந்தச் சோதனை எதைப் பார்க்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஊருக்குப் புதிதாக வருபவரிடம் "பள்ளிவாசலுக்கு எதிர்ச் சந்தில் மூன்றாவது வீடு" என்று வழி சொல்கிறோம். பள்ளிவாசல் நாம் தேடும் வீடல்ல. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அடையாளம். மரபணு அடையாளக்குறி என்பதும் அப்படித்தான். 1978இல் கலிஃபோர்னியாவில் ஒய்.டபிள்யூ. கான், ஆண்ட்ரே டோஸி என்ற இரு ஆய்வாளர்கள், சிக்கிள் செல் என்னும் இரத்த நோய்க்குக் காரணமான மரபணுவின் அருகே இத்தகைய அடையாளம் ஒன்றைக் கண்டார்கள். கருவில் இருக்கும் பிள்ளைக்கு அந்த நோய் உண்டா என்று அதை வைத்துச் சொல்ல முடிந்தது. மரபணு அடையாளத்தால் நோயறியும் துறைக்கு இது ஒரு தொடக்கம்.

ஆனால் அவர்கள் கண்ட அடையாளம் மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளி மக்களுக்குத்தான் பெரிதும் பொருந்தியது. சவூதியிலும் இந்தியாவிலும் அதே நோய் அந்த அடையாளம் இல்லாமலே இருந்தது. ஒரு மக்களிடம் சரியாக இருக்கும் அடையாளம் இன்னொரு மக்களிடம் தவறிப் போகலாம். இன்று தலசீமியா, சிக்கிள் செல் போன்ற நோய்களுக்கு அடையாளத்தை அல்ல, மரபணுவில் ஏற்பட்ட மாற்றத்தையே நேரடியாகப் படிக்கிறார்கள். அது உறுதியான சோதனை. "உமிழ்நீர் அனுப்புங்கள், சர்க்கரை வருமா, மாரடைப்பு வருமா என்று சொல்கிறோம்" என்று விற்கப்படும் சோதனைகள் பலவும் இன்னும் அடையாளங்களை வைத்துக் கணிப்பவைதான். இரண்டையும் ஒன்றாக எண்ணி விடக் கூடாது.

அடுத்து, 'கேரியர்' என்ற சொல். தலசீமியாவுக்கான குறைபாடு தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டும் சேர்ந்து வந்தால்தான் பிள்ளை நோயாளி. ஒன்று மட்டும் வந்தவர் கேரியர், நோயாளி அல்ல. வாழ்நாள் முழுக்க நலமாக இருப்பார். இலேசான சோகை தெரியலாம். பலர் அதை இரும்புச்சத்துக் குறைவு என்று நினைத்து மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். கேரியராக இருக்கும் இருவர் மணந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு நோய்க்கு வாய்ப்பு. நான்கு பிள்ளைகளில் ஒன்றுக்குத்தான் வரும் என்பது இதன் பொருளல்ல. ஒவ்வொரு முறையும் அதே வாய்ப்பு மீண்டும் வரும். அப்படிப் பிறக்கும் பிள்ளைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய இரத்தத்தின் இரும்பு இதயத்திலும் கல்லீரலிலும் படியாமல் இருக்க ஆயுள் முழுவதும் மருந்து வேண்டும். இந்தியாவில் ஆண்டுதோறும் 10,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் தலசீமியாவோடு பிறப்பதாக மதிப்பிடுகிறார்கள்.

இருவரில் ஒருவர் மட்டும் கேரியர் என்றால்? பிள்ளைக்கு அந்த நோய் வராது. நிக்காஹ்வுக்கு எந்தத் தடையும் இல்லை. இந்த ஒரு வரியை நம் வீடுகள் புரிந்துகொண்டால் பாதிப் பயம் நீங்கும்.

இப்போது சவூதியின் அனுபவத்தைப் பார்ப்போம். 2004இல் அங்கே திருமணத்துக்கு முன் தலசீமியா, சிக்கிள் செல் சோதனை கட்டாயமாயிற்று. முடிவு எதுவானாலும் மணப்பதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம். முதல் ஆண்டில், இருவருமே கேரியர் என்று தெரிந்த இணைகளில் நூற்றுக்கு சுமார் 9 பேர்தான் திருமணத்தைக் கைவிட்டார்கள். மற்றவர்கள் தெரிந்தே மணந்தார்கள். கல்யாண ஏற்பாடுகள் முடிந்துவிட்டன, ஊர் என்ன சொல்லும் என்பவை அவர்கள் சொன்ன காரணங்களில் முக்கியமானவை. 2009இல் அந்த விகிதம் பாதியைத் தாண்டியது. சோதனை அதேதான். மாறியது மக்களின் விளக்கம். நிச்சயம் முடிந்து, மண்டபம் பிடித்த பிறகு கையில் வரும் காகிதத்தால் யாருக்கும் பயனில்லை என்பதற்கு அந்த முதல் ஆண்டே சான்று.

ஈரான் இன்னொரு பாடம் தருகிறது. 1997இல் தொடங்கிய அவர்களுடைய தலசீமியாத் திட்டத்தில் முதலில் சோதிக்கப்பட்டது மணமகனின் இரத்தம். அதில் குறை தெரிந்தால் மட்டுமே மணப்பெண்ணுக்குச் சோதனை. கணக்கு எளிது: ஒருவர் கேரியர் இல்லை என்றால் மற்றவர் எப்படி இருந்தாலும் பிள்ளைக்கு அந்த நோய் இல்லை. எனவே ஒருவரைச் சோதித்தாலே பெரும்பாலான இணைகளுக்குப் போதும். யாரை முதலில் சோதிப்பது என்பதுதான் கேள்வி.

இங்கேதான் நம் சமூகம் யோசிக்க வேண்டும். நம் ஊர்களில் இந்தச் சோதனை பரவினால் அது யார் தலையில் விழும்? பெண் பார்க்க வருபவர்கள், "பிள்ளைக்கு டெஸ்ட் எடுத்தாச்சா?" என்று பெண் வீட்டில்தான் கேட்பார்கள். ஒரு பெண் கேரியர் என்று ஒருமுறை வெளியே தெரிந்தால், அவளுக்கு வரும் சம்பந்தம் மட்டுமல்ல, அவள் தங்கைக்கு வரும் சம்பந்தமும் நின்றுபோகும். நோயே இல்லாத பெண்ணை நோயாளி ஆக்கும் அநீதி அது. மாப்பிள்ளை முதலில் சோதித்துக்கொண்டால் இந்த வாசலே அடைபடும். அவருக்குக் குறை இல்லை என்றால் பெண்ணிடம் கேட்கவே தேவையில்லை. ஹீமோஃபிலியா போல் பெரும்பாலும் தாய்வழி வரும் நோய்கள் வேறு வகை. குடும்பத்தில் அப்படி நோய் இருந்தால் மருத்துவரிடம் தனியே கேட்க வேண்டும்.

"அப்படியானால் விதி?" என்று கேட்பவர்களுக்கு உமர் (ரலி) அவர்களின் செயலே பதில். ஷாம் தேசத்தில் கொள்ளை நோய் என்று கேட்டு அவர்கள் பாதி வழியில் திரும்பியபோது, அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியின் பக்கமே போகிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) விளக்கம் தந்தார்கள். அறிவைப் பயன்படுத்துவதும் அவன் விதித்ததே.

சொந்தத்தில் சம்பந்தம் பற்றியும் ஒரு வார்த்தை. மாமன் மகள், மாமி மகள், சாச்சா மகள் ஆகியோரை மணப்பதை மார்க்கம் அனுமதித்திருக்கிறது, கட்டளையிடவில்லை. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் 11,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 2013இல் வெளிவந்த முடிவுகளின்படி, பிறவிக் குறைபாட்டின் வாய்ப்பு பொதுவாக நூற்றுக்கு 3 என்றால், முதல் தலைமுறை உறவில் மணந்தவர்களுக்கு 6. இரட்டிப்பு என்பது உண்மை. நூற்றுக்கு 94 பிள்ளைகளுக்கு அத்தகைய குறைபாடு இல்லை என்பதும் உண்மை. ஆகவே ஹலாலை ஹராமாக்க வேண்டாம். ஆனால் ஒரே பாட்டனாரின் பேரப் பிள்ளைகள் ஒரே குறைபாட்டைச் சுமக்க வாய்ப்பு அதிகம் என்பதால், சொந்தத்தில் பேசுபவர்களுக்குச் சோதனை இன்னும் அவசியம்.

ஏற்கெனவே மணந்து, இருவருமே கேரியர் என்று தெரிந்தவர்கள் நிலை என்ன? கர்ப்பத்தின் 11 முதல் 13ஆம் வாரத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து சிறு மாதிரி எடுத்துக் கருவின் நிலையை அறியலாம். மக்காவில் உள்ள ராபிதாவின் ஃபிக்ஹ் சபை 1990இல், சிகிச்சையில்லாத கடுமையான குறைபாட்டை நம்பகமான மருத்துவக் குழு உறுதி செய்து, பெற்றோரும் கேட்டால், 120 நாட்களுக்குள் கருவைக் கலைக்க அனுமதி உண்டு என்று முடிவு செய்தது. எல்லா அறிஞர்களும் இதை ஏற்கவில்லை. இரத்தம் ஏற்றி வாழ முடிகிற நோய்க்கு இது பொருந்துமா என்ற கேள்வியும் இருக்கிறது. எனவே மருத்துவரையும் நம்பிக்கையான ஆலிமையும் ஒருசேரக் கலந்து முடிவெடுங்கள். நாள் கணக்கில் கவனம் தேவை. மருத்துவர் கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணுகிறார். அது கரு உண்டானதற்குச் சுமார் இரண்டு வாரம் முந்தையது. 16ஆம் வாரத்துக்கு மேல் பனிக்குடநீர் எடுத்துச் சோதித்தால், முடிவு வருவதற்குள் அந்த எல்லை கடந்துவிடலாம்.

நம் வீடுகளில் செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. மகன் சம்பாதிக்கத் தொடங்கியதும், சம்பந்தம் பேசுவதற்கு முன்பே, ஒரு முழு இரத்தப் பரிசோதனையும் ஹெச்.பி.எல்.சி. என்ற ஹீமோகுளோபின் பரிசோதனையும் எடுத்து வையுங்கள். இந்த இரண்டிலேயே தலசீமியா, சிக்கிள் செல் கேரியர்களில் பெரும்பாலோர் தெரிந்துவிடுவர். அதில் சந்தேகம் வந்தால்தான் மரபணுச் சோதனை. ஒருவர் தலசீமியாவுக்கும் மற்றவர் சிக்கிள் செல்லுக்கும் கேரியர் என்றாலும் பிள்ளைக்கு நோய் வரலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

முடிவு ஓர் அமானிதம். தமக்கு வந்த சம்பந்தங்கள் பற்றி ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) ஆலோசனை கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் கேட்டு வந்த ஆண்களின் குறைகளை மறைக்காமல் எடுத்துச் சொன்னார்கள். சம்பந்தப்பட்டவரிடம் உண்மையைச் சொல்வது புறம் ஆகாது. சம்பந்தப்படாதவரிடம் சொன்னால் அது புறம்தான். ஜமாஅத்துகள் நிக்காஹ் பதிவேட்டில் இந்த முடிவை எழுதச் சொல்ல வேண்டாம். சோதனை எடுத்தீர்களா என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் மூன்று மாதம் முன்பே கேட்டால் போதும்.

இனி பெண் பார்க்கப் போகும்போது, மாப்பிள்ளையின் படிப்பையும் சம்பளத்தையும் சொல்வதோடு அவருடைய சோதனை முடிந்ததையும் மாப்பிள்ளை வீட்டாரே முதலில் சொல்லட்டும். நம் சந்ததிகளை நலமுள்ளவர்களாகவும் நம் நாவுகளைப் பேணுதல் உள்ளவையாகவும் வல்ல இறைவன் ஆக்கி வைப்பானாக.