அம்பு கோர்ட்டில் நிற்கிறது, எய்தவன் எங்கே?

கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடிச்சுக்கிட்டே படிங்க, பாதியில ஷேர் பண்ணிடாதீங்க.

இந்தியாவும் கனடாவும் மறுபடியும் தூதர்களை நியமித்துவிட்டன. 2025 ஆகஸ்ட் 28-ஆம் தேதி அறிவிப்பு வந்தது. நம் பக்கமிருந்து ஒட்டாவாவுக்கு தினேஷ் பட்நாயக் நியமிக்கப்பட்டார். அவர்கள் பக்கமிருந்து டெல்லிக்கு கிறிஸ்டோபர் கூட்டர் நியமிக்கப்பட்டார். பத்து மாதத்துக்கு மேலாகக் காலியாகக் கிடந்த நாற்காலிகள். நல்ல செய்திதான், வரவேற்போம். ஆனால் அன்று ராத்திரியே நம்ம குரூப்பில் ஒரு தம்பி, "அப்போ நிஜ்ஜார் மேட்டர் முடிஞ்சுதா அண்ணே, நாமதான் ஜெயிச்சோமா?" என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

2025 ஜனவரியில் கனடாவின் வெளிநாட்டுத் தலையீடு பற்றிய விசாரணை ஆணையம், நீதிபதி ஹோக் ஆணையம், தன் இறுதி அறிக்கையை வெளியிட்டது. மறுநாள் ஃபோன் முழுக்க ஒரே செய்தி: "நிஜ்ஜார் கொலையில் வெளிநாட்டுக்குத் தொடர்பில்லை, கனடா அறிக்கையே ஒப்புக்கொண்டது." நானும் கார்டு டிசைன் பண்ணிட்டேன். பெரிய எழுத்தில் 'குட்டு வெளிப்பட்டது' என்று தலைப்பு, பின்னால் ட்ரூடோ தலை குனிந்த படம். போஸ்ட் பண்றதுக்கு முன்னாடி மாவட்டத்தில் இருக்கும் சீனியர் அண்ணன் ஒருத்தர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அறிக்கையைப் படிச்சியாடா?"

படிக்கல. படிச்சேன். அந்த வரி கொலையைப் பற்றியதே இல்லை. ட்ரூடோ நாடாளுமன்றத்தில் பேசிய பிறகு அவரைக் குறிவைத்து இணையத்தில் பொய்ப் பிரச்சாரம் நடந்ததே, அதற்கும் ஒரு வெளிநாட்டு அரசுக்கும் உறுதியான தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்றுதான் அந்த இடத்தில் எழுதியிருந்தார்கள். பொய்ப் பிரச்சாரம் பற்றிய வரியை வைத்து இன்னொரு பொய்ப் பிரச்சாரம்! டிசைனை டெலிட் பண்ணினேன். ஆனால் அதே செய்தி இன்றுவரை நம் ஆட்களின் ஃபார்வர்டில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

2023 ஜூன் 18, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் சர்ரே என்ற ஊர். அங்குள்ள குருநானக் சீக்கிய குருத்வாராவின் வண்டி நிறுத்துமிடத்தில், குருத்வாரா தலைவர் ஹர்தீப் சிங் நிஜ்ஜார் தன் வண்டியிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஜலந்தர் பக்கம் பிறந்தவர், 1997-இல் கனடா போனவர், பிளம்பிங் தொழில் செய்தவர், கனடா குடிமகன். தனி காலிஸ்தான் கேட்டு வெளிநாடுவாழ் சீக்கியர்களிடம் வாக்கெடுப்பு நடத்தும் வேலையில் முன்னால் நின்றவர். இந்திய அரசு 2020-இல் அவரை உபா சட்டத்தின் கீழ் பயங்கரவாதி என்று அறிவித்தது. என்ஐஏ அவர் தலைக்குப் பத்து லட்சம் ரூபாய் வைத்திருந்தது.

மூன்று மாதம் கழித்து, செப்டம்பர் 18 அன்று, இந்திய அரசின் ஏஜென்ட்டுகளுக்குத் தொடர்பு இருப்பதாக நம்பத்தகுந்த குற்றச்சாட்டு இருக்கிறது என்று ட்ரூடோ நாடாளுமன்றத்தில் எழுந்து சொன்னார். இந்தியா அபத்தம் என்றது. தூதரக அதிகாரிகளை மாறி மாறி வெளியேற்றினார்கள். கனடாக்காரர்களுக்கு விசா நிறுத்தம். 41 கனடா தூதரக அதிகாரிகள் குடும்பத்தோடு மூட்டை கட்டினார்கள். அடுத்த வருஷம் அக்டோபரில் இன்னும் மோசம், இந்தியத் தூதரையே விசாரிக்க வேண்டும் என்றார்கள். இங்கே ஆறு பேர், அங்கே ஆறு பேர் என்று ஒரே நாளில் வெளியேற்றம்.

நம் கட்சிக்காரர்களில் சிலருக்கு இதில் ஒரு தயக்கம் இருக்கு. கேள்வி கேட்டால் 'காலிஸ்தான் ஆதரவாளர்' முத்திரை குத்திடுவாங்களோ என்று. அதனால் கனடா செய்த பாவத்திலிருந்தே தொடங்குகிறேன், யாரும் வாய் திறக்க முடியாது.

1985 ஜூன் 23. ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்து கடற்கரைக்கு அப்பால் நடுவானில் வெடித்துச் சிதறியது. 329 பேர். அதில் 80-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். வெடிகுண்டுப் பெட்டி வான்கூவரில் ஏற்றப்பட்டது. அதன் சூத்திரதாரி என்று கருதப்படும் தல்விந்தர் சிங் பர்மாரை ஒப்படைக்கச் சொல்லி இந்தியா 1982-லேயே கேட்டது. கனடா மறுத்தது. குண்டு வெடிப்பதற்கு முன்பிருந்தே கனடா உளவுத்துறை பர்மாரின் ஃபோனை ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. பதிவு செய்த நூற்றுக்கணக்கான டேப்புகளை அதே உளவுத்துறை பிறகு அழித்தது. ஆமாம், அழித்தது. 2005-இல் முக்கியக் குற்றவாளிகளாக நிறுத்தப்பட்ட இரண்டு பேரும் விடுதலை. குண்டு செய்து கொடுத்த ஒருவருக்கு மட்டும்தான் தண்டனை. 25 வருஷம் கழித்து, 2010-இல், அன்றைய பிரதமர் ஹார்ப்பர் குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டார். செத்தவர்களில் பெரும்பாலோர் கனடா குடிமக்கள், இந்திய வம்சாவளியினர். அவர்களைத் தன் மக்களாகப் பார்க்கவே கனடாவுக்குக் கால் நூற்றாண்டு ஆனது.

அந்த வழக்கில் சாட்சி சொல்ல இருந்தவர் தாரா சிங் ஹேயர், பஞ்சாபிப் பத்திரிகை ஆசிரியர். 1988-இல் அவரைச் சுட்டார்கள், சக்கர நாற்காலியில் முடங்கினார். அப்போதும் எழுதுவதை நிறுத்தவில்லை. 1998-இல் வீட்டு கராஜில் சுட்டுக் கொன்றார்கள். எந்த ஊர்? அதே சர்ரே. கொலைக்கு இதுவரை யாருக்கும் தண்டனை கிடையாது.

2005-இல் விடுதலையான இரண்டு பேரில் ஒருவர் ரிபுதமன் சிங் மாலிக். 2022 ஜூலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுபடியும் சர்ரே. சுட்ட இரண்டு பேர் பிடிபட்டார்கள், 2024-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். காசு கொடுத்து ஏவியது யார்? சொல்லவில்லை. அவ்வளவுதான், அந்தக் கதை அங்கேயே நிற்கிறது.

அதற்கு அடுத்த வருஷம் நிஜ்ஜார். நான்கு இந்திய இளைஞர்கள் கைதாகி, வழக்கு பிரிட்டிஷ் கொலம்பியா நீதிமன்றத்தில் இருக்கிறது. எதுவும் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. நாளைக்கு அவர்களுக்குத் தண்டனை கிடைத்தாலும், இல்லை விடுதலை ஆனாலும், ஏவியது யார் என்ற இடம் காலியாகவே இருக்கும் ஆபத்து இருக்கு. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நம்ம பாட்டிங்க சொல்றது இந்த ஊருக்கு அப்படியே பொருந்துது.

ட்ரூடோ செய்தது பெரிய தப்பு. எங்க காலேஜ் லேப்ல ரீடிங் எடுக்காம நேரா கிராஃப் போட்டுக்கிட்டு வந்து நிற்பான் ஒருத்தன். சார் கையெழுத்துப் போட மாட்டார். ட்ரூடோ அந்த வேலைதான் செய்தார். 2023-இல் தான் பேசியபோது கையில் இருந்தது பெரும்பாலும் உளவுத் தகவல்தான், கோர்ட்டில் நிற்கிற மாதிரி ஆதாரம் இல்லை என்று ஒரு வருஷம் கழித்து அவரே விசாரணை ஆணையத்தில் சொன்னார். சிறுபான்மை அரசு நடத்திக்கொண்டிருந்தவர், ஜக்மீத் சிங் கட்சி தயவில் நாற்காலியில் இருந்தவர். உள்ளூர்க் கணக்கு இல்லாமல் இருந்திருக்கும் என்று நம்ப நான் தயாரில்லை.

இதெல்லாம் சொன்ன பிறகுதான் நம் அரசைப் பார்த்துக் கேட்க முடியும். கேட்கிறேன்.

நிஜ்ஜார் விவகாரம் வெடித்தபோது வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் நியூயார்க்கில் என்ன சொன்னார்? இது இந்திய அரசின் கொள்கையே இல்லை என்றார். நல்லது. ஆறேழு மாதம் கழித்து, 2024 ஏப்ரலில், தேர்தல் மேடையில் பிரதமர் என்ன பேசினார்? பயங்கரவாதிகளை அவர்கள் வீட்டுக்குள் புகுந்தே அடிக்கிறோம் என்றார். பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங், பாகிஸ்தானுக்கு ஓடினால் அங்கேயே போய்க் கொல்வோம் என்று டிவி பேட்டியில் சொன்னார். அது பாகிஸ்தானைப் பற்றிய பேச்சுதான், கனடாவைப் பற்றியது இல்லை, ஒத்துக்கிறேன். ஆனால் வெளிநாட்டுக்காரன் காதில் ரெண்டும்தானே விழும்? பெட்டிக்குள் மறுப்பு, மேடையில் பெருமை. திருடனைத் தெரியவே தெரியாதுன்னு ஸ்டேஷன்ல சொல்லிட்டு, தெருமுனையில வந்து மீசையை முறுக்கினா எவன் நம்புவான்?

அடுத்தது அமெரிக்கா. நியூயார்க்கில் குர்பத்வந்த் சிங் பன்னுனைக் கொல்ல ஆள் வைத்ததாக 2023 நவம்பரில் அமெரிக்க அரசுத் தரப்பு குற்றப்பத்திரிகையை வெளியிட்டது. ஒரு இந்திய அரசு அதிகாரிதான் ஏவினார் என்றது. நிஜ்ஜார் கொல்லப்பட்ட சில மணி நேரத்தில் அவர் உடல் கிடக்கும் வீடியோ அந்த அதிகாரியிடமிருந்து இன்னொருவருக்குப் போனது என்றும் அதில் இருக்கிறது. 2024 அக்டோபரில் அந்த அதிகாரியின் பெயரையும் வெளியிட்டார்கள்: விகாஷ் யாதவ், ரா அமைப்பில் இருந்தவர். அவர் இப்போது எங்கள் ஊழியர் இல்லை என்று நம் அரசு சொன்னது. இதெல்லாம் அப்போது குற்றச்சாட்டுதான், தீர்ப்பு இல்லை.

இங்கே கவனிங்க. அமெரிக்கா சொன்னதும் நம் அரசு அபத்தம் என்று கத்தவில்லை. உயர்மட்ட விசாரணைக் குழு போட்டது. அந்தக் குழு, ஒரு தனிநபர் மீது சட்ட நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்திருப்பதாக 2025 ஜனவரியில் உள்துறை அமைச்சகம் அறிவித்தது. யார் அந்த நபர்? அறிவிப்பில் பெயர் இல்லை. குழுவின் அறிக்கை எங்கே? நமக்குத் தெரியாது. பெரியண்ணன் கேட்டால் கமிட்டி, சின்னத் தம்பி கேட்டால் ஏச்சு. இதுக்குப் பேர் வெளியுறவுக் கொள்கையா?

இதன் விலையைக் கொடுத்தது யார் என்று பார்த்தால் தலைவர்கள் யாரும் இல்லை. கனடா தூதரகத்தில் ஆள் குறைந்தவுடன் மாணவர் விசா ஃபைல்கள் தேங்கின. இந்தியர்களுக்கு 2023-இன் மூன்றாம் காலாண்டில் 1,08,940 படிப்பு அனுமதிகள் கொடுத்தவர்கள், கடைசிக் காலாண்டில் கொடுத்தது 14,910. கனடாவில் வீட்டு வாடகை நெருக்கடி, புது உச்சவரம்பு என்று பிற்பாடு வந்த காரணங்கள் வேறு. ஆனால் அந்த முதல் சரிவுக்கு அவர்கள் குடிவரவு அமைச்சரே காட்டிய முக்கியக் காரணம் இந்தச் சண்டைதான். நிலத்தை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்பிய பஞ்சாப் விவசாயி இதில் இருக்கிறார். பெங்களூரு, மும்பை, சண்டிகர் மூன்று இடத்திலும் கனடா துணைத் தூதரகத்தின் நேரடிச் சேவை நின்றது. நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கும் அந்த அடி விழுந்தது. அந்தப் பக்கம், கனடா பாஸ்போர்ட் வைத்திருக்கும் டொரண்டோ ஈழத்தமிழ்க் குடும்பத்துக்கும் அதே பூட்டுதான். சென்னைக்குக் கல்யாணப் புடவை எடுக்க வருவதாக இருந்தாலும் அப்போது விசா கிடைக்கவில்லை. நிஜ்ஜாருக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்?

இன்னொன்றையும் இங்கே சொல்லணும். காலிஸ்தான் என்று எழுதும்போதெல்லாம் சிலர் தலைப்பாகை கட்டிய ஆள் படத்தை ஐகானாகப் போடறாங்க. நிறுத்துங்க. ஹேயரும் தலைப்பாகை கட்டியவர்தான். கனிஷ்காவில் செத்தவர்களிலும் சீக்கியர்கள் உண்டு. டெல்லி எல்லையில் ஒரு வருஷம் குளிரிலும் வெயிலிலும் உட்கார்ந்து வேளாண் சட்டங்களைத் திரும்பப் பெற வைத்தவர்களையும் இதே பெயர் சொல்லித்தான் திட்டினாங்க. மாநில உரிமை பேசுகிற கட்சி நம்ம கட்சி. டெல்லியை எதிர்த்துக் கேள்வி கேட்டாலே பிரிவினைவாதி என்று பட்டம் கிடைக்கும் என்பது நமக்குச் சொல்லித் தர வேண்டியது இல்லை.

ஆகவே அந்தத் தம்பிக்குப் பதில்: மேட்டர் முடியலை. புதுத் தூதர்கள் வந்திருப்பது வர்த்தகம் நடக்க, விசா நகர. 2025 ஜூன் மாதம் ஜி-7 மாநாட்டில் மோடியும் கார்னியும் கைகுலுக்கியபோது எடுத்த முடிவு அது. கொலைக்கான பதில் அதில் இல்லை. ஒன்றிய அரசு பன்னுன் வழக்குக் குழுவின் அறிக்கையை நாடாளுமன்றத்தில் வைக்கட்டும், அந்த 'தனிநபர்' யார் என்று சொல்லட்டும். கனடா, ஏவியது யார் என்பதற்குக் கையில் இருக்கும் ஆதாரத்தைத் திறந்த நீதிமன்றத்தில் வைக்கட்டும். கூடவே, தேடப்படுகிறவர்களை ஒப்படைக்கச் சொல்லி இந்தியா அனுப்பி நிலுவையில் இருக்கும் கோரிக்கைகளை எடுத்துப் பார்க்கட்டும். 2024 அக்டோபர் கணக்குப்படி 26. பர்மார் விஷயத்தில் செய்ததை இன்னொரு தடவை செய்ய வேண்டாம்.

ஐடி விங் தோழர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அந்த 'கனடா அறிக்கையே ஒப்புக்கொண்டது' கார்டு உங்க மாவட்டக் குரூப்பில் இன்னும் இருந்தா, போட்டவரிடம் தனியா மெசேஜ் பண்ணி எடுக்கச் சொல்லுங்க. குரூப்பில் வைத்துத் திட்ட வேண்டாம். நானே அதைப் பண்ண இருந்தவன்தான்.

தகவல் தொழில்நுட்ப அணி