கல்லறைக்குப் பெயர் உண்டு, நமக்கு?



காசல்ரீ நீர்த்தேக்கத்தின் பக்கத்தில் வார்லி தேவாலயம் நிற்கிறது. 1878இல், கோப்பி நோயில் அழிந்துகொண்டிருந்த காலத்தில், தோட்டத் துரைமார் தங்களுக்காக எழுப்பிய சின்னக் கற்கோயில். பொகவந்தலாவை புனித மரியாள் ஆலய வளவில் ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையாரின் கல்லறை இருக்கிறது. உலகப் புகழ் பெற்ற படப்பிடிப்பாளர், 1879இல் இறந்தார். அவர் பெயர் கல்லில் இருக்கிறது. இலங்கையில் அவர் உழைக்கும் மக்களையும் படம் பிடித்தார். அந்தப் படங்களில் உள்ளவர்களில் பெரும்பாலோரின் பெயர் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அந்த அம்மையார் மீது நமக்குக் கோபமில்லை. செத்தவர்களோடு சங்கத்துக்குச் சண்டையும் இல்லை. அந்தக் கற்கோயில்களைப் பாதுகாக்க வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தும் இல்லை. நாம் கேட்பது வேறு.

துரைமார் கோயிலுக்கு அப்பால், நம் லயத்துப் பக்கத்திலும் வேதக்கோயில்கள் இருந்தன. 1854இல் தொடங்கிய மிஷனுக்கு வைத்த பெயரே 'தமிழ்க் கூலி மிஷன்'. சாமி கும்பிடப் போனாலும் நாம் கூலிதான்! உபதேசியார்மார் தோட்டம் தோட்டமாக நடந்து வந்து ஜெபம் நடத்தினார்கள், எழுத்தும் சொல்லிக்கொடுத்தார்கள். தகரக் கூரையின் கீழே நம் சனம் கூடியது.

அந்தச் சின்னக் கோயில்கள் ஏன் தேய்ந்தன? "ஆட்களுக்குப் பக்தி குறைந்துவிட்டது" என்கிறார்கள் சிலர். பக்தி குறையவில்லை, ஆட்களைக் குறைத்தார்கள்! 1948இல் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். 1964இல் ஸ்ரீமாவும் சாஸ்திரியும் நம்மைக் கேட்காமலே நம்மைப் பங்கு போட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இங்கே 3,00,000 பேர், மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று. ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அண்ணன் கப்பல் ஏறினான், தம்பி மலையில் நின்றான். அப்படிப் பிரித்த பிறகு சபை எப்படி நிறையும்? மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கும் அதே கதைதான்.

இதற்கெல்லாம் அடியில் ஒரே காரணம் இருக்கிறது: காணி. கோயில் நிற்கும் நிலம் நமதல்ல. பிள்ளையைப் புதைத்த நிலமும் நமதல்ல. 1975இல் வெள்ளைக்காரக் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்தது. 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளின் கைக்குப் போனது. கை மாறியபோதெல்லாம் நம்மிடம் ஒரு துண்டு உறுதிகூட வரவில்லை. இன்று வீட்டுக்காணி பேசுகிறார்கள். நல்லது, அதை விடமாட்டோம். ஆனால் உயிரோடிருக்கும்போது வீட்டுக்காணி, செத்தபின் கம்பனியின் தயவா?

ஆகவே கேட்கிறோம்: ஒவ்வொரு டிவிசனிலும் வேதக்கோயில், அம்மன் கோயில், மயானம் மூன்றையும் அளந்து, எல்லைக் கல் நாட்டி, சனத்தின் பேரில் உறுதி எழுதிக் கொடு!

நாமும் சும்மா இருக்கக்கூடாது. வயசாளிகள் இருக்கும்போதே தலைவர்மார் ஒரு கொப்பியை எடுங்கள். யார் எங்கே புதைக்கப்பட்டார், கோயிலுக்கு யார் கல் சுமந்தார், கப்பலேறிப் போனவர் யார் என்று பெயர் பெயராக எழுதுங்கள். துரைக்குக் கல்லில் பெயர் இருக்கிறது. நம்மவர்களுக்கு முதலில் தாளிலாவது இருக்கட்டும். உறுதி கேட்டுப் போகும்போது அந்தத் தாள் நம் கையில் இருக்கவேண்டும்.